தன்னோடு தானே மோதும் அணி

"இந்த வருஷம் லைன் எப்படி இருக்கு?"

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் மார்ச் பிறந்துவிட்டால் இந்தக் கேள்வியிலிருந்து யாரும் தப்ப முடியாது. பெட்ரோல் பங்கில் கேட்பார்கள், முடிவெட்டும் கடையில் கேட்பார்கள், ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் படிக்கட்டில் நின்று கேட்பார்கள். லைன் என்பது குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் சுவராக நிற்கும் ஐந்து பேர். ஆளுக்கு 130, 140 கிலோ எடை. பந்தை அவர்கள் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை. கைதட்டலும் பெரும்பாலும் அவர்களுக்குக் கிடைப்பதில்லை. ஆனால் அந்தச் சுவர் நின்றால்தான் அணி நிற்கும். செப்டம்பரில் தொடங்கப்போகும் பருவத்தைப் பற்றி மார்ச்சிலேயே ஒருவர் கேட்கிறார் என்றால், அதுவும் நட்சத்திர வீரரை விட்டுவிட்டு இந்த ஐவரைப் பற்றிக் கேட்கிறார் என்றால், அவர் விவரம் தெரிந்த ரசிகர்.

அமெரிக்கக் கால்பந்தைப் பார்த்துப் பழகாதவர்களுக்காகச் சுருக்கமாக: பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் 10 கஜம் முன்னேறினால் இன்னும் நான்கு வாய்ப்பு, தவறினால் பந்து எதிரணிக்கு. பந்தை எடுத்து எறிவதா, ஓட்டக்காரர் கையில் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று நொடியில் முடிவெடுப்பவர் குவார்ட்டர்பேக். கல்லூரி அணிகளுக்கு வழக்கமான பருவத்தில் 12 ஆட்டங்கள். அதில் சொந்த ஊரில் நடப்பது ஏழோ எட்டோதான். ஆக, வருடத்தில் ஏழெட்டுச் சனிக்கிழமைகள் போக மிச்சமெல்லாம் காத்திருப்பு. அந்த நீண்ட காத்திருப்பின் நடுவில் அணியைக் கண்ணால் பார்க்கக் கிடைக்கும் ஒரே காலம் மார்ச், ஏப்ரலில் நடக்கும் வசந்தகாலப் பயிற்சி.

நெப்ராஸ்காவின் மக்கள்தொகை சுமார் 20 லட்சம். சோளமும் மாடும்தான் வாழ்க்கை. தொழில்முறைக் கால்பந்தில் முதல்தர அணி கிடையாது. கூடைப்பந்திலோ பேஸ்பாலிலோ முதல்தர லீக் அணியும் கிடையாது. மாநிலம் முழுவதற்கும் இருக்கிற ஒரே பெரிய அணி, லிங்கன் நகரத்தில் உள்ள நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் கார்ன்ஹஸ்கர்ஸ். ஊரார் வாயில் ஹஸ்கர்ஸ். 1923இல் திறந்த மெமோரியல் ஸ்டேடியத்தில் 85,000 பேருக்கு மேல் உட்காரலாம். ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில் ஒமாஹா, லிங்கன் இரண்டுக்கும் அடுத்து மாநிலத்தின் மூன்றாவது பெரிய ஊர் அந்த அரங்கம்தான். 1962 நவம்பர் 3ஆம் தேதி மிசௌரிக்கு எதிரான ஆட்டத்தில் டிக்கெட்டுகள் முழுவதும் விற்றுத் தீர்ந்தன. அன்றிலிருந்து சொந்த மைதானத்தில் ரசிகர்களை அனுமதித்த ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அப்படியே. 2024 செப்டம்பரில் இந்தத் தொடர் 400ஐத் தொட்டது. அந்த 400ஆவது ஆட்டத்தில் இல்லினாய் அணியிடம் கூடுதல் நேரத்தில் தோற்றார்கள். அதற்கடுத்த ஆட்டத்துக்கும் அரங்கம் நிரம்பியது.

ஐந்து பட்டங்களின் பாரம்

இந்த ரசிகர்கள் ஏப்ரலில் ஏன் இவ்வளவு துடிக்கிறார்கள் என்று புரிய, அவர்கள் எதைப் பார்த்து வளர்ந்தவர்கள் என்று தெரிய வேண்டும். 1962இல் பாப் டெவானி பயிற்சியாளராக வந்தார். 1970, 1971இல் அடுத்தடுத்துத் தேசியப் பட்டம். அவருக்குப் பின் டாம் ஆஸ்பர்ன் 25 ஆண்டுகள் இருந்தார்: 255 வெற்றி, 49 தோல்வி, 3 சமநிலை. அந்த 25 ஆண்டில் ஒரு பருவத்தில்கூட ஒன்பது வெற்றிக்குக் கீழே போகவில்லை. 1994, 1995, 1997 என மூன்று பட்டங்கள். ஓய்வுக்குப் பிறகு மக்கள் அவரை அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே அனுப்பி வைத்தார்கள்.

பட்டங்களை விடவும் ஆஸ்பர்னைப் பற்றி அந்த மாநிலம் பெருமையோடு சொல்வது ஒரு தோல்வியைத்தான். 1984 ஜனவரி ஆரஞ்சு பௌல், பருவத்தின் கடைசி ஆட்டம். மயாமியிடம் 31-30 என்று ஒரு புள்ளி பின்னால்; கடைசி நிமிடம். எளிதான ஓர் உதையில் ஆட்டத்தைச் சமநிலையில் முடித்திருக்கலாம், பட்டமும் அநேகமாகக் கிடைத்திருக்கும். ஆஸ்பர்ன் வெற்றிக்காக, உதைக்குப் பதில் பந்தை எல்லைக்கோட்டுக்குள் கொண்டுசேர்த்து இரண்டு புள்ளி எடுக்கப் போனார். பந்து கைக்கு வரவில்லை. பட்டம் போயிற்று. அந்த முடிவை அன்றும் பெரும்பாலோர் குறை சொல்லவில்லை, இன்றும் சொல்வதில்லை. ஹஸ்கர்ஸ் ரசிகர் எப்படிப்பட்டவர் என்று ஒரே சம்பவத்தில் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

அதன் பிறகு வந்தது இறக்கம். ஃபிராங்க் சோலிச்சை 2003இல் 9 வெற்றி, 3 தோல்வி என்ற நிலையில் பதவி நீக்கினார்கள். போ பெலினி ஏழு ஆண்டுகளும் ஆண்டுக்கு ஒன்பது வெற்றி குறையாமல் கொடுத்தார். 2014 கடைசியில் அவரையும் அனுப்பினார்கள். போதாது என்று நினைத்த ஒன்பது வெற்றி 2016இல் ஒரு முறை வந்ததோடு கனவாகிப் போனது. 2016க்குப் பிறகு ஏழு பருவங்கள் தொடர்ந்து தோல்விக் கணக்கு. பருவ முடிவில் தகுதி பெறும் அணிகள் ஆடும் பௌல் ஆட்டம் ஒன்றைக்கூடப் பார்க்காத ஏழு ஆண்டுகள். 1969 முதல் 2003 வரை 35 ஆண்டுகள் இடைவிடாமல் அதை ஆடிய அணிக்கு இந்தக் கதி.

15 நாள்

கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ விதிப்படி வசந்தத்தில் 15 பயிற்சிகள் மட்டுமே. தொடக்க நாட்களில் ஹெல்மெட் மட்டும். பிறகு தோள் கவசம். அப்புறம்தான் முழுக் கவசத்தோடு உண்மையான மோதல், அதிலும் எண்ணிக்கைக் கட்டுப்பாடு உண்டு. பெரும்பாலான நாட்களில் ரசிகர்களுக்கு உள்ளே இடமில்லை. செய்தியாளர்களுக்குச் சில நிமிடம் காட்டுவார்கள். தசைநார் இழுக்கும் உடற்பயிற்சியைப் பார்த்துவிட்டு அவர்கள் எழுதுவார்கள். அந்த எழுத்தை வரிவரியாகப் பிரித்துப் படிப்பார்கள் ரசிகர்கள். யார் முதல் வரிசையில் ஓடினார், யார் முழங்காலில் கட்டோடு ஓரமாக நின்றார், புதிதாக வந்த பையன் எத்தனை கிலோ ஏறியிருக்கிறான். வழக்கமாக 15ஆவது நாள், ஏப்ரல் மாத சனிக்கிழமை ஒன்றில், கதவைத் திறந்துவிடுவார்கள். அணியை இரண்டாகப் பிரித்து சிவப்பு ஜெர்சிக்கும் வெள்ளை ஜெர்சிக்கும் ஆட்டம். இதுதான் ஸ்பிரிங் கேம். நெப்ராஸ்காவில் சோள விதைப்பு மும்முரமாகத் தொடங்கும் பருவமும் ஏறக்குறைய அதேதான். விதைப்புக்கு முன்னால் ஒரு நாள் குடும்பத்தோடு லிங்கன் போய் வருவது பல வீடுகளில் வழக்கம்.

இந்த ஆட்டத்தில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. ரசிகர்களுக்கும் அது நன்றாகவே தெரியும். மோதுகிற இரண்டு பக்கமும் ஒரே அணி. ஒருவரே இரண்டு பக்கமும் உட்கார்ந்து தாயம் உருட்டுவதைப் போன்றது இது. எந்தக் காய் ஜெயித்தாலும் தோற்றதும் தன் காய்தான். ஓட்டக்காரர் 60 கஜம் ஓடி எல்லைக்கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டால் மனம் துள்ளும், மறுநொடியே திக்கென்றாகும்: நம் ஆள் நன்றாக ஓடினானா, நம் தடுப்பு ஓட்டையா? குவார்ட்டர்பேக் எறிந்த பந்தைத் தடுப்பாளர் பறித்தால், நல்ல தடுப்பாளர் கிடைத்தார் என்று மகிழ்வதா, இந்தக் குவார்ட்டர்பேக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கவலைப்படுவதா? ஒவ்வொரு நல்ல செய்திக்கும் அதே அளவில் ஒரு கெட்ட செய்தி ஒட்டிக்கொண்டே வரும்.

இதோடு இன்னும் இரண்டு மறைப்புகள். காயம் படக்கூடாது என்பதற்காகக் குவார்ட்டர்பேக்கைத் தொடவே கூடாது என்று விதி வைத்திருப்பார்கள். அடையாளத்துக்கு அவருக்கு மட்டும் வேறு நிற ஜெர்சி. 130 கிலோ ஆள் ஒருவர் தன்மேல் பாய்ந்து வரும்போது அந்தப் பையனின் கண் எங்கே போகிறது, கால் நிற்கிறதா என்பதுதான் குவார்ட்டர்பேக்கைப் பற்றித் தெரிய வேண்டிய முதல் விஷயம். வசந்தத்தில் அது தெரியவே தெரியாது. அடுத்தது, பயிற்சியாளர்கள் உண்மையான திட்டங்களை வெளியே எடுப்பதில்லை. ஐந்தாறு எளிய ஆட்டமுறைகளை மட்டும் மாற்றி மாற்றிக் காட்டுவார்கள்.

ஆகவே விவரம் தெரிந்த ரசிகர் புள்ளிப் பலகையைப் பார்ப்பதில்லை. லைனைப் பார்ப்பார். பந்து நகர்ந்த அந்த முதல் கணத்தில் ஐவரும் சேர்ந்து ஒரே நேரத்தில் எழுகிறார்களா; இடுப்பு தாழ்ந்திருக்கிறதா, நிமிர்ந்துவிட்டதா; கடைசிக் கால்பகுதியில் கையை இடுப்பில் வைத்து மூச்சு வாங்குகிறார்களா. இரண்டாவது வரிசை லைன் களத்துக்கு வரும்போது முதல் வரிசைக்கும் அதற்கும் எவ்வளவு இடைவெளி. அக்டோபரில் யாராவது அடிபடுவார்கள், அப்போது இந்த இரண்டாம் வரிசைதான் அணியைக் காப்பாற்ற வேண்டும். இவையெல்லாம் நடிக்க முடியாதவை, திட்டத்தை மறைத்தாலும் மறையாதவை. வசந்தத்தில் நம்பிச் சொல்லக்கூடியது ஏறக்குறைய இவ்வளவுதான்.

பொய்த்த ஏப்ரல்கள்

மற்றதெல்லாம் எத்தனை முறை பொய்த்திருக்கிறது! அலபாமாவில் நிக் சேபன் பொறுப்பேற்ற 2007ஆம் ஆண்டு வசந்த ஆட்டத்துக்கு 92,138 பேர் திரண்டார்கள். அமெரிக்காவே வாய் பிளந்தது. அந்தப் பருவத்தில் அணி 7-6, அதாவது 7 வெற்றி, 6 தோல்வி. நவம்பரில் லூசியானா-மன்ரோ என்ற சிறிய கல்லூரியிடம் சொந்த மைதானத்திலேயே தோற்றது. சேபனின் முதல் அலபாமா பட்டம் 2009இல்தான் வந்தது.

நேர் எதிரான கதை அதே மாநிலத்தின் ஆபர்ன். 2012இல் 3-9 என்று நொறுங்கிய அணி. 2013 வசந்தத்தில் புதிய பயிற்சியாளர் கஸ் மால்சானைப் பார்க்க 83,000 பேர் வந்தார்கள். வந்தவர்கள் இரண்டு மணி நேரம் குவார்ட்டர்பேக்குகளை அலசினார்கள். அந்த வருடம் அணியைத் தேசிய இறுதி ஆட்டம் வரை கொண்டுபோன நிக் மார்ஷல் அன்று அந்த மைதானத்திலேயே இல்லை. கோடையில்தான் வந்து சேர்ந்தார். 2012 வசந்தம் முடிந்தபோது டெக்சஸ் ஏ&எம்மில் முந்தி நின்றவர் வேறொரு குவார்ட்டர்பேக். ஆகஸ்டில் இடத்தைப் பிடித்த ஜானி மான்சியல், அந்தப் பருவம் முடிவதற்குள் நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையை வாங்கினார். முதலாண்டு வீரர் ஒருவர் அதை வாங்கியது அதுவே முதல் முறை. 2018 வசந்தத்தில் ஒஹையோ ஸ்டேட்டில் முதலிடம் உறுதியாகாததால் ஜோ பரோ லூசியானாவின் எல்எஸ்யூவுக்குக் கிளம்பினார். அடுத்த ஆண்டு 60 டச்டவுன் எறிந்து, 15 ஆட்டத்தில் 15 வெற்றியோடு அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். ஒஹையோவின் பயிற்சியாளர்கள் அத்தனை நாளும் பத்தடி தூரத்தில் நின்று அவரைப் பார்த்தவர்கள். அவர்களுக்கே தெரியாதது 80ஆவது வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

நெப்ராஸ்காவுக்குச் சொந்தக் காயம் ஒன்று உண்டு. 1997 பட்டம் வென்ற அணியின் குவார்ட்டர்பேக் ஸ்காட் ஃபிராஸ்ட். வுட் ரிவர் என்ற சின்ன ஊர்ப் பையன். 2017இல் சென்ட்ரல் ஃபுளோரிடா அணியை ஒரு தோல்வியும் இல்லாமல் நடத்தியவர், பயிற்சியாளராக வீடு திரும்பினார். 2018 ஏப்ரலில் அவருடைய முதல் ஸ்பிரிங் கேமுக்கு 86,000 பேருக்கு மேல் வந்தார்கள், நிற்க இடமில்லை. அன்று அந்த மாநிலத்தில் சந்தேகப்பட்டவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். செப்டம்பர் முதல் தேதி முதல் ஆட்டம். பந்து உதைக்கப்பட்ட சற்று நேரத்தில் மின்னல் வந்து ஆட்டமே ரத்தானது. அதன்பின் ஆடிய முதல் ஆறு ஆட்டங்களிலும் தோல்வி. 2021இல் இன்னும் வினோதம்: 3-9, ஒன்பது தோல்வியும் ஒற்றை இலக்கப் புள்ளி வித்தியாசத்தில். 2022 செப்டம்பரில் ஜார்ஜியா சதர்னிடம் 45-42 தோற்ற மறுநாள் ஃபிராஸ்டை நீக்கினார்கள். அக்டோபர் வரை பொறுத்திருந்தால் அவருக்குக் கொடுக்க வேண்டிய 1.5 கோடி டாலர் இழப்பீடு பாதியாகியிருக்கும். பொறுக்கவில்லை. பணத்தைவிடப் பெரிய ஏமாற்றம் அது. சொந்தப் பிள்ளையிடம் ஏமாந்ததாக உணர்ந்தார்கள்.

பிறகு மேட் ரூல் வந்தார். 2024 ஏப்ரல் ஸ்பிரிங் கேமில் 60,000 பேர் கண்ணும் ஒரு 18 வயதுப் பையன் மேல். டிலன் ரயோலா. அப்பா டொமினிக் ரயோலா இதே ஹஸ்கர்ஸ் லைனின் மையத்தில் நின்றவர். சித்தப்பா அப்போது லைனுக்குப் பயிற்சியாளர். நாட்டின் பெரிய அணிகள் எல்லாம் வலை வீசிய பையன், ஜார்ஜியாவுக்குக் கொடுத்த வாக்கை மாற்றிக்கொண்டு அப்பாவின் பல்கலைக்கழகத்துக்கு வந்திருந்தான். அன்று 239 கஜம், இரண்டு டச்டவுன். மணிக்கட்டை மட்டும் சுண்டி, கால் தரையில் ஊன்றாமலே அவன் எறிந்த பந்துகளைப் பார்த்து, இருபது ஆண்டுகளாகத் தேடியவர் கிடைத்துவிட்டார் என்று அரங்கம் எழுந்து நின்றது. அந்தப் பருவம் 7-6. எட்டு ஆண்டுகளில் முதல் பௌல் ஆட்டம், அதில் வெற்றி. 2025 நவம்பரில் சதர்ன் கலிஃபோர்னியாவுக்கு எதிராகக் கால் எலும்பு முறிந்தது. டிசம்பரில் வேறு அணி தேடிப் போவதாக அறிவித்துவிட்டு லிங்கனை விட்டுக் கிளம்பினான். ஏப்ரலில் பார்த்த திறமை பொய்யில்லை. நான்கு வருடம் இருப்பான் என்று கட்டிய கணக்குதான் பொய்த்தது.

69 கஜம்

கணிப்பாக எடுத்துக்கொண்டால் வசந்த ஆட்டம் மோசமான கருவி. பிறகு ஏன் மக்கள் போகிறார்கள்? பதில் தேடினால் 2013 ஏப்ரல் 6ஆம் தேதிக்குத்தான் போக வேண்டும்.

ஜாக் ஹாஃப்மன் அட்கின்சன் என்ற சிற்றூரைச் சேர்ந்த ஏழு வயதுச் சிறுவன். மூளையில் புற்றுநோய்க் கட்டி. அணியின் ஓட்டக்காரர் ரெக்ஸ் பர்க்ஹெட் அவனுக்கு நண்பரானார். அதனால் அவருடைய 22ஆம் எண் ஜெர்சியைத்தான் அவனும் அணிந்திருந்தான். கடைசிக் கால்பகுதியில் தோள் கவசத்தோடு, தலையைவிடப் பெரிய ஹெல்மெட்டோடு அவனைக் களத்தில் இறக்கினார்கள். குவார்ட்டர்பேக் டெய்லர் மார்டினெஸ் பந்தை அவன் கையில் வைத்தார். பையன் ஓடினான். இரு பக்கமும் 100 கிலோ, 130 கிலோ ஆட்கள் காவலாகக் கூடவே ஓடினார்கள். ஓரத்தில் இருந்தவர்களும் ஓடி வந்தார்கள். 69 கஜம். எல்லைக்கோட்டைத் தாண்டியதும் மொத்த அணியும் அவனைத் தோளில் தூக்கியது. அறுபதாயிரம் பேர் அழுதுகொண்டே கைதட்டினார்கள்.

அதே மாதம் அதிபர் ஒபாமா அவனை வெள்ளை மாளிகைக்கு அழைத்தார். அவன் பெயரில் அவன் குடும்பம் தொடங்கிய அறக்கட்டளை குழந்தைகளின் மூளைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டியது. ஜாக் உயர்நிலைப் பள்ளியில் தானே கால்பந்து ஆடுமளவுக்கு வளர்ந்தான். 2025 ஜனவரியில், 19 வயதில் இறந்தான். நெப்ராஸ்கா முழுவதும் சொந்த வீட்டு இழவு போல அந்தச் செய்தியைக் கேட்டது.

புள்ளிக்கணக்கு எங்கும் சேராத ஆட்டமாக இருந்ததால்தான் அது நடந்தது. செப்டம்பரில் எந்தப் பயிற்சியாளராலும் ஏழு வயதுப் பையனைக் களமிறக்க முடியாது. ஒன்றும் பணயத்தில் இல்லாத ஒரு நாள் ஊருக்கும் அணிக்கும் நடுவே இருந்தது. அந்த நாளுக்குள் ஒரு குழந்தைக்கு இடம் இருந்தது. எதிரணி இல்லாததைச் சிக்கல் என்று மேலே சொன்னேன். இங்கே அதுவே வரம்.

கதவு மூடிய கதை

2025 பிப்ரவரியில் மேட் ரூல், அந்த ஆண்டு வழக்கமான ஸ்பிரிங் கேம் இருக்காது என்று சொன்னார். முந்தைய ஏப்ரலில் தொலைக்காட்சியில் தன் வீரர்களைப் பார்த்த மற்ற அணிகள் பிறகு அவர்களை இழுக்கப் பார்த்தன என்பது அவர் சொன்ன காரணம். ஆட்டத்துக்குப் பதில் 'ஹஸ்கர் கேம்ஸ்' என்று ஒரு விளையாட்டு விழா நடந்தது. டெக்சஸும் அதே ஆண்டு வசந்த ஆட்டத்தைக் கைவிட்டது; வேறு சில பெரிய அணிகளும் பின்தொடர்ந்தன.

ரூலின் கவலை கற்பனையில்லை. 2018 அக்டோபரில் தொடங்கிய டிரான்ஸ்பர் போர்ட்டலில் பெயர் கொடுத்தால் வீரர் வேறு கல்லூரிக்குப் போகலாம். 2021 ஜூலை முதல் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து வீரர்கள் பணம் சம்பாதிக்கலாம். 2024இலிருந்து எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம், ஒரு வருடம் உட்கார வேண்டியதில்லை. 2025 ஜூலையிலிருந்து பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கின்றன. முதல் ஆண்டு உச்சவரம்பு ஒரு பல்கலைக்கழகத்துக்கு 2.05 கோடி டாலர். பல ஆண்டுகள் பல்கலைக்கழகங்களுக்கும் தொலைக்காட்சிகளுக்கும் கோடிகளைச் சம்பாதித்துக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு போன வீரர்களுக்கு இந்தப் பணம் நியாயமானது. அதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. ரயோலா கிளம்பியதையும் துரோகம் என்று நான் எழுத மாட்டேன்.

ஆனால் அதே ஏற்பாட்டில் ஓர் அநியாயமும் சேர்ந்து வந்தது. அணிக்கு 105 பேர்தான் என்று வரம்பு. நெப்ராஸ்காவின் பழைய பலமே வாக்-ஆன் எனப்படும் பையன்கள். உதவித்தொகை இல்லாமல், சொந்தச் செலவில், பண்ணை வீடுகளிலிருந்து வந்து சேர்பவர்கள். முதல் மூன்று வருடம் பெயரே தெரியாமல் பயிற்சியில் மட்டும் அடி வாங்குவார்கள். நான்காம் வருடம் சிலர் லைனில் நிற்பார்கள். ஆஸ்பர்ன் காலத்து அணிகள் இவர்கள் தோளில் நின்றவை. 150 பேர் வரை வைத்திருந்த அணி 105க்குள் சுருங்கும்போது முதலில் வெளியே போவது இவர்கள்தான். அந்த 150 பேரில் பலருக்கு, அப்பா அம்மா பார்க்கக் களத்தில் இறங்கக் கிடைத்த ஒரே ஆட்டம் அந்த ஏப்ரல் சனிக்கிழமை ஆட்டம். கடைசிக் கால்பகுதியில் ஒரு நான்கு நிமிடம். அதற்காக 400 கிலோமீட்டர் வண்டி ஓட்டி வருவார்கள். ஒலிபெருக்கியில் அவன் பெயரும் ஊர்ப் பெயரும் ஒரு முறை ஒலிக்கும்.

இப்போது நிலைமை மறுபடியும் மாறியிருக்கிறது. போர்ட்டலில் பெயர் கொடுக்க ஏப்ரலில் இருந்த இடமாற்றச் சாளரத்தை என்சிஏஏ எடுத்துவிட்டது. 2026 முதல் ஜனவரியில் இரண்டு வாரம் மட்டுமே. வசந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டு மறுவாரமே ஒரு வீரரைக் கொத்திக்கொண்டு போகும் வழி அடைபட்டது. அப்படியானால் கதவை மூடச் சொன்ன முக்கியக் காரணமும் போய்விட்டது. எந்தப் பல்கலைக்கழகமாக இருந்தாலும், மூடிய கதவைத் திறக்க இதைவிட நல்ல நேரம் வராது. ஒவ்வொரு ஜனவரியிலும் பாதி அணி புதுமுகங்களாக மாறிவிடும் காலத்தில், ஊருக்கும் வீரர்களுக்கும் அறிமுகமாக ஒரு நாள் முன்னைவிட அதிகம் தேவைப்படுகிறது. ஊரே தெரியாத வீரர் டிசம்பரில் எளிதாகக் கிளம்புவார். வீரரையே தெரியாத ஊரும் எளிதாக அவரை மறக்கும்.

நம்பிக்கைக்கும் காரணம் இருக்கிறது. கல்லூரிக் கால்பந்து வரலாற்றில் அதிகத் தோல்விகளைச் சுமந்த அணிகளில் ஒன்று இந்தியானா. 2023இல் 3-9. கர்ட் சிக்னெட்டி பயிற்சியாளராக வந்து, தன் பழைய அணியிலிருந்து வீரர்களையும் கூட்டி வந்தார். 2024 அக்டோபரில் இந்தியானா இதே நெப்ராஸ்காவை 56-7 என்று நசுக்கி, தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றுக்கும் போனது. அதற்கடுத்த பருவத்தில் தோல்வியே இல்லாமல் தேசியப் பட்டம். 2024 வசந்தத்தில் இந்தியானா ரசிகர் எவரேனும் இப்படிச் சொல்லியிருந்தால் பக்கத்து இருக்கைக்காரர் நகர்ந்து உட்கார்ந்திருப்பார். இனி எந்த ஊர் ரசிகரின் ஏப்ரல் ஆசையையும் யாரும் எளிதில் தட்டிக் கழிக்க முடியாது.

தன்னோடு தானே மோதும் சிக்கலுக்கு ஒரு தீர்வையும் 2025இல் ஒருவர் முன்வைத்தார். கொலராடோ பயிற்சியாளர் டியான் சாண்டர்ஸ். 2023இல் அவருடைய முதல் வசந்த ஆட்டத்துக்கு 47,000 டிக்கெட்டுகள் விற்றுத் தீர்ந்தன. அந்தப் பருவம் 4-8. ஏப்ரல் கூட்டத்துக்கும் நவம்பர் கணக்குக்கும் உள்ள தூரம் அவருக்குத் தெரியும். வசந்தத்தில் வேறொரு கல்லூரியோடு சேர்ந்து பயிற்சி செய்து ஆடலாம் என்றார். சிரக்யூஸ் பயிற்சியாளர் உடனே நான் வருகிறேன் என்றார். என்சிஏஏ குழு அனுமதி மறுத்துவிட்டது.

அந்த மறுப்பை மறுபரிசீலனை செய்ய வேண்டும். நெப்ராஸ்காவுக்குப் பக்கத்து மாநிலங்களிலேயே வயோமிங் இருக்கிறது, சௌத் டகோட்டா ஸ்டேட் இருக்கிறது. ஏப்ரலில் அவர்களில் ஒருவரை அழைக்கட்டும். முதல் பாதி உண்மையான எதிரணியோடு ஆடட்டும். லைனைப் பற்றி மார்ச்சிலிருந்து கேட்டவர்களுக்கு அரைகுறையாகவேனும் ஒரு பதில் கிடைக்கும். இரண்டாம் பாதியை வாக்-ஆன் பையன்களுக்கு முழுதாக விட்டுவிடட்டும். டிக்கெட் பத்து டாலருக்கு மேல் வேண்டாம், சிறுவர்களுக்கு இலவசம்.